இரும்புக் கேத்தலின் ஊர்கள்

ஹிராயிஸுமி

ஹிராயிஸுமியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் தங்கம் பார்க்க வருகிறவர்கள். மலையேறும் பாதையின் இருபுறமும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் சுகி மரங்கள். மேலே சூசொன்ஜி விகாரை. அதற்குள் 1124இல் கட்டிய பொன் மண்டபம். சுவரெல்லாம் தங்கத் தகடு ஒட்டி, தூண்களில் சிப்பி இழைத்திருக்கிறார்கள். மழையும் பனியும் தின்றுவிடாதபடி அந்த மண்டபத்தை ஒரு கொங்கிரீட் கட்டடத்துக்குள் அடக்கி, முன்னால் கண்ணாடியும் போட்டிருக்கிறார்கள். வயதான பெண்கள் சிலர் கண்ணாடி முன் கைகூப்பி நின்றார்கள். நானும் சற்று நேரம் நின்றேன். கொழும்பின் கிருலப்பனையிலிருந்து இவ்வளவு தூரம் நான் வந்தது இரும்பு பார்க்க.

"தங்கத்தை இவ்வளவு கெதியாப் பார்த்து முடிச்ச ஆள் நீங்கள்தான் மாமா" என்றாள் மருமகள். செண்டாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். யப்பானிய மொழி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இந்தப் பயணத்தில் என் வாயும் காதும் அவள்தான்.

கொழும்பின் பெரிய கடைத்தொகுதிகளில் சில காலமாக ஒரு கறுத்தக் குட்டிக் கேத்தல் விற்கிறது. உடம்பெல்லாம் சிறு சிறு புள்ளிகளாகப் புடைத்திருக்கும். கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத பாரம். விலைச் சீட்டைப் பார்த்தால் வைத்துவிடத் தோன்றும். இதை அடுப்பில் வைக்கலாமா என்று கேட்டால் ஒரு கடையில் "ஓம்" என்கிறார்கள், அடுத்த கடையில் "கூடாது" என்கிறார்கள். தேயிலை விளைகிற நாட்டில் நாங்கள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பது அலுமினியக் கேத்தலில், இப்போது பிளாஸ்டிக் கைபிடி வைத்த மின்கேத்தலில். தேயிலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாங்கள் கேத்தலைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. அந்தக் கறுத்தக் கேத்தல் எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான் யப்பானின் வடகிழக்கில் இருக்கும் இவாத்தே மாநிலத்தின் பெயர் எனக்குத் தெரியவந்தது.

பொன் மண்டபத்தைக் கட்டுவித்தவர் புஜிவாரா கியோஹிரா என்ற பிரபு. அவரேதான் தலைநகரை ஒட்டிய ஓமி நாட்டிலிருந்து இரும்பு வார்ப்பவர்களை இந்த வடக்குக்கு அழைத்துவந்தார் என்கிறது வரலாறு. கோயிலுக்கு வேண்டியதையும் படைக்கு வேண்டியதையும் அவர்கள் வார்த்தார்கள். 1189இல் புஜிவாரா வம்சம் போரில் அழிந்தது. மாளிகைகள் இருந்த இடத்தில் இப்போது புல்வெளிதான். வார்ப்பவர்களோ ஊரைவிட்டுப் போகவில்லை. பிரபு கேட்டதைச் செய்த கை, பிறகு குடியானவன் கேட்ட அண்டாவையும் பானையையும் செய்தது. அவர்களுடைய வழித்தோன்றல்களின் ஊர் ரயிலில் சில நிலையங்கள் தள்ளி இருக்கிறது.

மிஸுஸாவா

மிஸுஸாவா நிலையத்தில் கதவு திறந்ததுமே காதுக்குத்தான் முதல் வேலை. மேடைக் கூரையின் கீழ் வரிசை வரிசையாக இரும்பு மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நாக்கிலும் ஒரு காகிதத் துண்டு. காற்று காகிதத்தை அசைக்க, மணி ஒலிக்கிறது. வெண்கல மணியின் கனத்த நாதம் இல்லை; மெல்லியதாக, உயர்ந்த சுருதியில், நெடுநேரம் நீளுகிற ஒலி. கோடை மாதங்களில் மட்டும் தொங்கவிடுகிறார்கள். வெக்கையில் இந்தச் சத்தம் கேட்டால் உடம்பு குளிருமாம். 1996இல் யப்பானியச் சுற்றாடல் முகவரகம் நாடு முழுவதிலிருந்தும் காக்கத்தக்க நூறு ஒலிகளைத் தெரிந்தெடுத்தபோது, இந்த ரயில் நிலையத்தின் மணியோசையும் அதில் இடம்பெற்றது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் எந்த ஒலியைத் தெரிவுசெய்வார்கள் என்று யோசித்தேன். வடை வடை என்று கூவுகிறவரின் குரலுக்கு என் வாக்கு.

ஜூலை மாதம். நான் எதிர்பார்த்த குளிர் யப்பான் எங்கும் இல்லை. கொழும்பை மிஞ்சிய புழுக்கம், மரங்களில் சில்வண்டுகளின் இரைச்சல். கிதகாமி ஆற்றைத் தாண்டி ஹதா என்ற பகுதிக்குப் போனோம். வார்ப்பாலைகள் அங்கேதான் நெருங்கியிருக்கின்றன. ஷின்கான்சென் நிற்கும் நிலையத்தின் முன்னால் வீடளவு உயரத்தில் ஓர் இராட்சதக் கேத்தல் வைத்திருக்கிறார்கள். அதில் தேத்தண்ணி போட்டால் கிருலப்பனைச் சந்தைக்கு ஒரு கிழமைக்குக் காணும்.

நாங்கள் போன ஆலையில் இயந்திரங்கள் இருந்தன. இதைச் சொல்லியாக வேண்டும். யப்பானியக் கைவினை என்றதும் தனியே அமர்ந்து மௌனமாக வேலைசெய்யும் தாடிக்காரக் கிழவர்தான் எங்கள் கற்பனையில் வருகிறார். இங்கே ஈர மணலை அச்சில் அமுக்குகிற இயந்திரம், ஓடும் பட்டி, காதடைப்பான் போட்ட இளைஞர்கள். உருகிய இரும்பு வாளியில் வரும்போது மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மருமகள் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "கிட்டப் போகாதேங்கோ மாமா." வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட அந்த நிறத்தை நேரே பார்க்கக் கண் கூசுகிறது. ஊற்றி முடித்த அச்சுகளின் மேலே நீல நெருப்பு நாக்குகள் கொஞ்ச நேரம் நின்று எரிந்தன.

இங்கே வார்ப்பது கேத்தலை மட்டுமல்ல. பொரிக்கும் தட்டு, சோற்றுப் பானை, கத்தரிக்காய் வடிவில் ஓர் இரும்புக் கட்டி. கத்தரிக்காய் ஊறுகாய் போடும்போது அந்தக் கட்டியைக் கூடப் போட்டால் ஊதா நிறம் மங்காதாம். கறுத்தப் பயறு அவிக்கவும் போடுகிறார்கள். எங்களைச் சுற்றிக் காட்டியவர் அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் துவாய் கட்டியிருந்தார். உங்கள் நாட்டில் இரும்புப் பாத்திரம் உண்டா என்று கேட்டார். கைத்தொலைபேசியில் என் வீட்டுத் தோசைக்கல்லையும் அப்பச் சட்டியையும் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"துருப் பிடிக்காதா?"

"எண்ணெய் பூசி வைப்போம். புதுசு வாங்கினால் வெங்காயத்தை வெட்டித் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவோம்."

மருமகள் மொழிபெயர்த்து முடிக்குமுன் அவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார். இங்கேயும் புதுத் தட்டில் மரக்கறித் துண்டுகளை எண்ணெயில் வதக்கித்தான் பழக்குகிறார்களாம். "சவர்க்காரம் போடுவீர்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாராவது தோசைக்கல்லுக்குச் சவர்க்காரம் போட்டால் அன்றைக்கு வீட்டில் போர் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். வழியனுப்பும்போது மூன்று தரம் குனிந்தார். நான் கைகூப்பினேன்.

அன்றிரவு தங்கிய சத்திரத்தில் வீட்டுக்கார அம்மா தேநீருடன் நம்பு செம்பே என்ற எள்ளு வட்டுகளை வைத்தார். கோதுமை மாவைப் பிசைந்து, இரும்பு அச்சுகளுக்கிடையில் அழுத்திச் சுடுவது. விளிம்பில் அச்சிலிருந்து பிதுங்கிய மெல்லிய மாவுத் தோடு அப்படியே இருக்கும். அதைத்தான் முதலில் உடைத்துத் தின்ன வேண்டுமாம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளிலிருந்து எங்களுக்கு வரும் கொக்கிஸும் உலோக அச்சில்தான் பிறக்கிறது. அதற்குத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வேண்டும். இந்தக் குளிர்நாட்டுப் பலகாரம் எண்ணெயே காணாதது. நேர்மையாகச் சொன்னால் எனக்குக் கொக்கிஸ்தான்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு சிக்கல். அன்று வெள்ளிக்கிழமை. மச்சம் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். சொல்லியபடியே மரக்கறிச் சூப் வந்தது. ஒரு வாய் குடித்ததும் அம்மம்மா வீட்டு மாசிச் சம்பல் மணந்தது. காய்ந்த சூரைமீனைச் சீவி எடுத்த சாற்றில்தான் இந்த நாட்டில் எல்லாமே தொடங்குகிறது. மாலைதீவிலிருந்து எங்களுக்கு வரும் மாசியும் அதே மீன்தான். வெள்ளிக்கிழமை விரதத்தை இவாத்தேயில் காப்பாற்ற முடியாது என்று முடிவுசெய்து, சூப்பைக் குடித்து முடித்தேன்.

மொரியோக்கா

மொரியோக்காவை அடையுமுன்னே இடப்பக்கம் இவாத்தே மலை தெரிந்துவிடுகிறது. 2,038 மீற்றர்; எங்கள் சிவனொளிபாத மலையைவிடக் குறையத்தான். சமவெளியிலிருந்து தனியே எழுவதால் பெரிதாகத் தோன்றுகிறது. நகருக்குள் மூன்று ஆறுகள் வந்து கூடுகின்றன. தண்ணீரில் கல் தெரிகிறது. கிருலப்பனை வாய்க்காலின் நிறத்தைப் பார்த்து வளர்ந்தவன், ஒரு மாநிலத் தலைநகரின் நடுவே ஆற்றின் அடியைக் காண்பதைப் பெரிய ஆடம்பரமாகவே கருதுவான்.

இது நம்பு பிரபுக்களின் கோட்டை நகரம். மிஸுஸாவா வேறொரு பிரபுவின் ஆட்சியில் இருந்தது. இரண்டு ஊர்களின் இரும்பும் பிற்காலத்தில்தான் நம்பு தெக்கி என்ற ஒரே பெயருக்குள் வந்தன. மிஸுஸாவா வார்த்தது சமையலறைக்கு. மொரியோக்கா வார்த்தது அரண்மனைத் தேநீர்ச் சடங்குக்கு. இங்குள்ள சுசுகி குடும்பத்தின் பட்டறை 1625இல் தொடங்கியது. 1659இல் கியோத்தோவிலிருந்து கொய்சுமி நிசாயெமோன் என்ற கேத்தல் வார்ப்பவரை நம்பு பிரபு வரவழைத்தார். வடக்கில் இரும்பு மணல் இருந்தது, ஆற்று மணலும் களிமண்ணும் கரியும் உருஷி என்ற அரக்கு மரத்தின் பாலும் இருந்தன. இல்லாதது கை மட்டும், அதையும் கொண்டுவந்தாயிற்று.

அப்போது அவர்கள் செய்தது மூக்கும் பிடியும் இல்லாத பெரிய அண்டா. அதிலிருந்து மூங்கில் அகப்பையால் வெந்நீர் முகர்ந்து எடுப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் மூன்றாம் தலைமுறை கொய்சுமிதான் அதைச் சிறிதாக்கி, மூக்கு வைத்து, மேலே வளைந்த பிடி மாட்டினார் என்பது இங்குள்ள வழக்கு. அதுதான் தெத்சுபின், இரும்புக் கேத்தல். சடங்கு தெரியாதவனும் ஒரு கையால் தூக்கி வெந்நீர் ஊற்றலாம். நாங்கள் புனிதமாகப் பார்க்கிற இந்தக் கேத்தல் அந்தக் காலத்தில் ஒரு சுருக்கவழி.

கொன்யா தெருவுக்கு அருகில் ஒரு சிறு பட்டறைக்கு அனுமதி கேட்டுப் போனோம். வேலை செய்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். இங்கே இயந்திரம் கிடையாது. தரையில் வட்டச் சட்டம் ஒன்று. அதற்குள் களிநீரில் குழைத்த மணல். நடுவில் ஒரு தகட்டை நிறுத்திச் சுற்றுகிறார். கேத்தலின் பாதி உருவத்தை வெட்டியெடுத்த தகடு அது. சுற்றச் சுற்ற மணலில் கேத்தலின் வெளிப்புறம் பள்ளமாகப் பிறக்கிறது. முதலில் கரடுமுரடான மணல், பிறகு நைசான மணல், கடைசியில் கிட்டத்தட்ட சேறு. முன்பு இந்தத் தகட்டை மரத்தால் செய்ததால் இப்போதும் அதற்கு மரப் பெயர்தான்.

ஈரம் காயுமுன் அந்தப் பள்ளத்தின் சுவரில் ஒரு குச்சியின் நுனியால் குத்துகிறார். ஒரு குத்து, ஒரு புள்ளி. வார்த்து எடுக்கும்போது ஒவ்வொரு குழியும் ஒரு முத்தாகப் புடைத்து நிற்கும். கொழும்புக் கடையில் நான் தடவிப் பார்த்த புள்ளிகள் இவைதான். இதற்கு அராரே, ஆலங்கட்டி மழை என்று பெயர். கீழ்வரிசையில் பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும், வரிசை குலையாமல், ஆயிரக்கணக்கில். அழகுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். புள்ளி வைத்தால் மேற்பரப்புக் கூடும், சூடு நெடுநேரம் நிற்கும் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு, தனக்கு அழகே போதும் என்றார். எனக்கும் அந்த மறுமொழி பிடித்தது. மேற்பரப்புக் கூடினால் சூடு கெதியாக வெளியேறும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

அச்சைக் காயவைத்துச் சுட்டு, உள்ளே மணலாலான கருவை வைத்து மூடுகிறார்கள். அச்சுக்கும் கருவுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய இடைவெளிதான் கேத்தலின் கனம். இரண்டு மூன்று மில்லிமீற்றர். 1,300 பாகைக்கு மேல் உருகிய இரும்பு அந்த இடைவெளி முழுதும் ஓடிச் சேர வேண்டும். எங்காவது குளிர்ந்து நின்றால் ஓட்டைக் கேத்தல். ஓட்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். திரும்பவும் உலைக்கு என்று கையால் காட்டினார்.

எடுத்த கேத்தலை மீண்டும் கரி நெருப்பில் 800 பாகைக்கு மேல் சுடுகிறார்கள். செக்கச் சிவந்து வரும்போது இரும்பின் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோல் படிகிறது. உள்ளே துருவைத் தடுப்பது அதுதான், வேறு எந்தப் பூச்சும் இல்லை. வெளிப்புறத்துக்கு மட்டும், இரும்பு சூடாக இருக்கும்போதே உருஷிப் பாலைத் தூரிகையால் பூசுகிறார்கள். பூசும்போது புகை எழும்பிப் பட்டறையை மூடியது. நான் இருமினேன், அந்தப் பெண் இருமவில்லை. யப்பானில் எடுக்கப்படும் உருஷியில் பெரும்பகுதி இதே மாநிலத்தில் ஜொபோஜி என்ற இடத்து மரங்களிலிருந்து வருகிறது. உருஷிக்கு மேல், இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்த நீரையும் தேயிலைச் சாற்றையும் கலந்து பூசி நிறத்தை முடிக்கிறார்கள். எங்கள் கடைகளில் காணும் வெறும் கறுப்பு இல்லை அது. உற்றுப் பார்த்தால் பழுப்பும் சிவப்பும் உள்ளே கிடக்கின்றன.

பிடியைச் செய்பவர் வேறு ஆள். நல்ல பிடி உள்ளே கூடாக இருக்கும். தகட்டை அடித்து வளைத்துக் குழாயாக்கி, ஒட்டு தெரியாமல் மூடுகிறார்கள். அதனால்தான் கேத்தல் கொதித்தாலும் வெறுங்கையால் தூக்க முடிகிறது. இந்தப் பிடிக்காரர்கள் இப்போது மிகச் சிலர்தான் என்று அந்தப் பெண் சொன்னபோது முதல்முறையாக அவர் குரலில் கவலை இருந்தது. கேத்தல் வார்க்க ஆள் வருகிறார்களாம், பிடி அடிக்க வருவதில்லையாம்.

தொழில் இந்த நூற்றாண்டுவரை நேர்கோட்டில் வந்து சேரவில்லை. 1908இல் வடக்குக்கு வந்த பட்டத்து இளவரசர் முன்னிலையில் எட்டாம் தலைமுறை கொய்சுமி கேத்தல் செய்து காட்டினார். நம்பு இரும்பின் பெயர் நாடெங்கும் பரவியது. முப்பது ஆண்டு கழித்துப் போர் வந்தது. இரும்பெல்லாம் ஆயுதத்துக்கு. மொரியோக்காவின் சுமார் 150 கைவினைஞரில் 16 பேருக்கு மட்டும், கை மறந்துபோகாமலிருக்க, கேத்தல் செய்ய அனுமதி கிடைத்தது. போர் முடிந்தபோது அலுமினியம் வந்தது. இலேசு, மலிவு, துருப்பிடிக்காது. எங்கள் குசினியில் நடந்ததுதான் அவர்களுடைய குசினியிலும் நடந்தது.

அவர்கள் செய்தது என்ன? கேத்தலின் உள்ளே எனாமல் பூசி, தேயிலை போட்டு ஊற வைக்கும் சிறு கியூசுவாக மாற்றினார்கள். 1975இல் யப்பான் மரபுக் கைவினைகளுக்குச் சட்டப்படி அங்கீகாரம் வழங்கத் தொடங்கியபோது நம்பு தெக்கி முதல் வரிசையிலேயே சேர்ந்தது. 1990களில் பரிசிலிருந்து வண்ணக் கேத்தல் கேட்டு ஆள் வந்தார்கள். நானூறு வருடம் கறுப்பை மட்டும் கண்ட இரும்புக்கு நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் பூசிக் கொடுத்தார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளித்திருப்பார்கள். நானும் அந்த இளஞ்சிவப்பை வாங்கமாட்டேன். ஆனால் அந்த இளஞ்சிவப்பு விற்ற காசில்தான் வார்ப்பாலைகளின் நெருப்பு அணையாமல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் பட்டறைக்காரப் பெண் தன் பழைய கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தார். அன்பளிப்பாக நான் கொண்டுபோன நுவரெலியாத் தேயிலையைப் பீங்கான் குவளையில் போட்டு, கேத்தல் நீரை ஊற்றினார். தெத்சுபினுக்குள் இலையைப் போடவே கூடாதாம். சாயமும் இரும்பும் சேர்ந்தால் மைபோலக் கறுத்துவிடும். அந்தக் குணத்தையே மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே துருப்பிடித்துத் தண்ணீர் சிவந்தால், தேயிலைச் சக்கையைப் போட்டுக் கொதிக்கவைத்து வைத்துவிடுவார்கள். சாயம் துருவோடு சேர்ந்து கறுத்த தோலாகப் படிந்து, பிறகு தண்ணீர் தெளிந்து வருமாம். உள்சுவரில் வெள்ளையாகப் படியும் காரையைச் சுரண்டக்கூடாது. அது கேத்தலுக்குக் காப்பு.

சுவை மாறியதா? வெறும் வெந்நீரைக் குடித்தபோது மாறியிருந்தது. நாக்கில் முனை மழுங்கியதுபோல இருந்தது. நுவரெலியாத் தேத்தண்ணியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மருமகள் தெரிந்தது என்றாள். பட்டறைக்காரர் எங்கள் தேயிலையைத்தான் புகழ்ந்தார். சீனி போடாமல் குடித்தார்.

மொரியோக்காவில் சாப்பாட்டுக்கு மூன்று வகை நூடில்ஸ். அதில் வங்கோ சோபாவை உறவினர் வீட்டு விருந்துக்கு அஞ்சுகிறவர்கள் தவிர்க்கலாம். ஒரு வாய் அளவு சிறு கிண்ணத்தில் வரும். தின்று முடித்த கணம் பக்கத்தில் நிற்கும் பெண் அடுத்த வாயைக் கொட்டுவார். போதும் என்று வாயால் சொன்னால் செல்லாது, கிண்ணத்தை மூடியால் மூட வேண்டும். மூடுவதற்கும் அவர் இடம் கொடுக்கமாட்டார். எனக்குப் பிடித்தது குளிர் நூடில்ஸான ரெய்மென். ஹம்ஹுங்கில் பிறந்த ஒரு கொரியர் 1954இல் இங்கு கடை திறந்து விற்கத் தொடங்கியது. ஐஸ் குளிர்ச்சியில் புளிக்காடி, உறைப்பான முட்டைக்கோவா ஊறுகாய், மேலே ஒரு துண்டு வத்தகப்பழம். வந்தவர் கொண்டுவந்த உணவு எழுபது வருடத்துக்குள் ஊரின் அடையாளமாகிவிட்டது. மரபு என்பதற்கு இந்த ஊர் வயதெல்லை வைப்பதில்லை.

வாங்க விரும்புகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வழுவழுவென்று மினுங்கினால் எனாமல், அது கியூசு. தேயிலை போடலாம், அடுப்பில் வைக்கக்கூடாது. உள்ளே மங்கிய சாம்பல் நிற இரும்பாகவே இருந்தால் தெத்சுபின். அடுப்பில் வைக்கலாம், தேயிலை போடக்கூடாது. எதற்கும் சவர்க்காரம் வேண்டாம். தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தச் சூட்டிலேயே காயவிடுங்கள். கையால் செய்த தெத்சுபின் ஒன்றின் விலை ஒரு லட்சம் யென்னைத் தாண்டும். நான் வாங்கியது ஆலையில் வார்த்த சிறு கேத்தலும், தொங்கும் மணி ஒன்றும்.

பலாங்கொடை

திரும்பிவந்த பிறகும் இரும்பைத் தேடிய இந்தப் பயணம் முடியவில்லை. கிருலப்பனையின் நடுவால் ஓடுகிற ஹைலெவல் வீதியில் கிழக்கே பஸ் ஏறி அவிசாவளை, இரத்தினபுரி தாண்டிப் போனால் பலாங்கொடை. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் சமனலவெவ நீர்த்தேக்கம். ஒகஸ்ட் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மலை முகட்டில் ஏறி நின்றவனைத் தள்ளியது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

இந்த அணை 1992இல் நிறைவுபெற்றது. யப்பானும் பிரித்தானியாவும் கொடுத்த நிதியில் கட்டியது. தண்ணீர் நிரம்புமுன் செய்த தொல்லியல் ஆய்வில், கில் ஜுலெப் என்ற ஆய்வாளர் மேற்கு நோக்கிய சரிவுகளில் இரும்பு உலைகளைக் கண்டெடுத்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டுவரை எரிந்தவை. துருத்தி கிடையாது. முகட்டுக்குக் கீழே களிமண்ணால் நீளமான முன்சுவர் எழுப்பி, அதில் ஊதுகுழாய்களைப் பதித்து, பருவக்காற்றையே உள்ளே இழுக்கவிட்டார்கள். இப்படியும் இரும்பு உருக்க முடியுமா என்று சந்தேகித்தவர்களுக்காக அதேபோல் ஓர் உலை கட்டி, காற்று வீசும் காலத்தில் மூட்டிப் பார்த்தார் ஜுலெப். காபன் மிகுந்த உருக்கே கிடைத்தது. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அந்த முடிவு வெளியானது. சரந்தீப் எனப்பட்ட இலங்கையின் வாள்களை 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். ஹிராயிஸுமிக்கு ஓமியிலிருந்து வார்ப்பவர்கள் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கதை இது.

பலாங்கொடை மலைகளில் இரும்பு உருக்குவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நினைவில் இருந்தது. அதைக் கடைசியாகக் கண்டு எழுதிவைத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அப்போது அவர் கலை விமர்சகர் இல்லை. இலங்கைக் கனிய ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளர், புவியியலாளர். ஹத்தரபாகையில் இரும்பு உருக்குவதையும் அலுத்நுவரையில் மூசையில் உருக்குச் செய்வதையும் முதியவர்கள் அவருக்குச் செய்து காட்டினார்கள். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற அவருடைய நூல் 1908இல் வந்தது. மொரியோக்காவில் கொய்சுமி பட்டத்து இளவரசருக்குக் கேத்தல் செய்து காட்டிய அதே வருடம். அங்கே செய்து காட்டியது விளம்பரமாயிற்று. இங்கே செய்து காட்டியது புத்தகத்தில் ஓர் அத்தியாயமாயிற்று. இறக்குமதி இரும்பு துறைமுகத்தில் மலிவாக இறங்கிக்கொண்டிருந்தபோது மலையில் உருக்கிய இரும்பை யார் வாங்குவார்? குமாரசுவாமி பின்னர் 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். தேநீரைப் பற்றி 1906இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய ஒககுரா ககுசோ அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றி, சில வருடம் முன்புதான் இறந்திருந்தார். இருவரும் கைவினையின் சாவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். ஒருவருடைய நாட்டில் கைவினைஞர் 16 பேரையாவது எண்ணி வைத்தார்கள்.

நீர்த்தேக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பொயிலரிலிருந்து வெந்நீர் பிடித்து, சாயம் ஊற்றிக் கொடுத்த ஐயாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்தப் பழைய உலைகளைப் பற்றிக் கேட்டேன். "யபோரவா?" என்றார். இரும்புச் சிட்டம். மரக்கறித் தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் தட்டுப்படுமாம். பாரமான கறுத்தக் கட்டிகள், வரம்பில் எறிந்துவிடுவார்களாம். இதைச் செய்தவர்கள் யார் என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஆட்கள்" என்றார், அதற்குமேல் அவருக்கு ஆர்வம் இல்லை. அவரிடம் ஆர்வத்தை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. கிருலப்பனையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உலை கட்டும் விதம் எழுத்தில் இருக்கிறது. கட்டி, மூட்டி, உருக்கும் பார்த்தாயிற்று. களிமண் அங்கேயே கிடைக்கிறது, காற்றுக்குக் காசு இல்லை. ஒவ்வொரு ஒகஸ்டிலும் ஓர் உலையை மூட்டி, வரும் உருக்கில் ஒரு கத்தியோ அகப்பையோ அடித்து விற்க ஒரு பல்கலைக்கழகமோ தொழில்நுட்பக் கல்லூரியோ முன்வரலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், விற்க வேண்டும். நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூனுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள். மற்ற மாதங்களில் அந்த உலைகள் எப்படி வேலை செய்தன என்பது விளங்காது.